புளியரை இறக்கமும் 9,870 ரூபாயும்

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களை வண்டிச் செலவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். அதில் 2025 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை நான்கு வரிகள் இருக்கின்றன: 670, 2,650, 5,450, 1,100. நான்கும் ஒரே கோளாறுக்குக் கொடுத்த காசு. வண்டி எண்பதில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறியது, அவ்வளவுதான். கூட்டினால் 9,870 ரூபாய். கடைசியில் அகப்பட்ட குற்றவாளி 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள துரு. ஒரு தலைமுடியின் தடிமனும் ஏறக்குறைய அதுதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் காசு போன வயிற்றெரிச்சல் மட்டுமில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் மூன்று மாதமும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் மலைக்கு வண்டிகள் போய் வரும் இரண்டு மாதமும் செங்கோட்டை, தென்காசிப் பட்டறைகளில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. "பிரேக் புடிச்சா உதறுது அண்ணாச்சி" என்பார் வந்தவர். "டிஸ்க் கோணிருக்கும்" என்று பதில் வரும். டிஸ்க்குக்காக நான் போன முதல் இரண்டு இடத்திலும் பேச்சு இந்த இரண்டு வாக்கியத்தோடு முடிந்தது. அளக்கும் கருவியை யாரும் கையில் எடுக்கவில்லை.

வண்டி ஏழு வயதான சின்ன பெட்ரோல் கார். ஓடியது 62,000 கிலோமீட்டர். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆள் நாலு பேர், கல்யாணத்துக்குக் கொண்டுபோன பை, பாத்திரம் எல்லாம் சேர்த்து அன்றைக்கு அதன் எடை 1,250 கிலோ இருந்திருக்கும்.

ஆனி மாதம் புனலூரில் ஒரு கல்யாணம். திரும்பியது தென்மலை, ஆரியங்காவு வழியாக. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. 1904-இல் மீட்டர் கேஜ் ரயில் மலை தாண்டியதும் இந்தக் கணவாய் வழியேதான். கோட்டைவாசல் தாண்டினால் எஸ் வளைவு, அதை இறங்கினால் புளியரை. அன்று எனக்கு முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று. வேகம் இருபதைத் தாண்டவில்லை. சாரல் வேறு. மூன்றாவது கியரில் போட்டுவிட்டு வழி நெடுகப் பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினேன். புளியரை செக்போஸ்ட்டில் வரிசை. பன்னிரண்டு நிமிடம் நின்றும் நகர்ந்தும், நின்ற நேரமெல்லாம் பிரேக்கை இறுக்கி மிதித்தபடியே இருந்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

ஒரு வசதிக்காக 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 1,250 × 9.8 × 100 = 12,25,000 ஜூல், அதாவது 1,225 கிலோஜூல். இதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதை ஒரேயடியாக நிறுத்தினால் பிரேக் விழுங்கும் சக்தி 174 கிலோஜூல். ஆக 100 மீட்டர் இறக்கம் என்பது, அறுபதில் வந்து சடாரென்று நிறுத்துவதை ஆற விடாமல் ஏழு தடவை செய்வதற்குச் சமம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாயும். அதனால் முன்சக்கரங்கள் சுமார் 70 சதவீத வேலையைச் செய்கின்றன. ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 429 கிலோஜூல். டிஸ்க்கின் எடை 4 கிலோ. வார்ப்பிரும்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க அரை கிலோஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள், 214 டிகிரி ஏற வேண்டும். டயர் உருளும் உராய்வும் காற்றும் எஞ்சினும் இதில் பாதியைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 107 டிகிரி மிச்சம். இது நூறு மீட்டருக்கு. இறக்கம் நீள நீள இந்த எண்ணும் ஏறும்.

ஓடும் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கிறது, ஆறிவிடும். சூடோடு நிற்கும் டிஸ்க்கின் கதை வேறு. பிரேக் பேடு இறுக்கிப் பிடித்திருக்கும் இடம் ஆறாமல் கிடக்க, மற்ற இடங்கள் ஆறுகின்றன. சூடேறின கல்லில் தோசை மாவு பிடித்துக்கொள்கிற மாதிரி பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் படிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத படிவு. ஆனால் பிரேக்குக்குத் தெரியும். டிஸ்க்கின் தடிமன் ஒரு சுற்றுக்குள் 15 முதல் 20 மைக்ரான் மாறினாலே போதும், ஓட்டுபவர் கையில் உதறல் வந்துவிடும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "டிஸ்க் கோணிப்போச்சு" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கோணலே இல்லை. தடிமன் மாறியிருக்கிறது, அதைக் கோணல் என்கிறோம். இந்தக் குழப்பத்துக்கு நான் கொடுத்த விலை 6,650 ரூபாய். கணக்கு பின்னால் வருகிறது.

உதறல் ஏன் எண்பதில் மட்டும் வருகிறது என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. என் வண்டியின் டயர் 165/80 ஆர்14. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் ஓடும். நாற்பதில் போனால் விநாடிக்கு 5.7 சுற்று, அறுபதில் 8.5, எண்பதில் 11.4, நூறில் 14.2. டிஸ்க்கில் ஓரிடம் தடித்திருந்தால் சுற்றுக்கு ஒரு உதை. ஸ்டியரிங்குக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் இயல்பாகவே ஒரு ஆட்ட வேகம் உண்டு. பெரும்பாலான சின்னக் கார்களில் அது விநாடிக்குப் பத்துக்கு மேல். உதையின் எண்ணிக்கை அதை நெருங்கும்போது ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளின மாதிரி ஆட்டம் பெருகுகிறது. அதனால்தான் தென்காசி பஜாரில் முப்பதில் ஊர்ந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. ஆலங்குளம் தாண்டி நான்கு வழிச்சாலையில் எண்பதைத் தொட்டு, எதிரே மாடு வந்ததென்று மிதித்தபோது ஸ்டியரிங் கையை உதறித் தள்ளியது.

பயந்து காலை எடுத்துவிட்டேன். எண்பதில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். அரை விநாடி தயங்கினால் 11 மீட்டர் போச்சு. மாடு தப்பித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. உதறலோடு ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பதினொரு மீட்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதல் பில்: ரூ.670. நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங், ஒன்றுக்கு 80 வீதம் 320. அலைன்மென்ட் 350. உதறல் அப்படியே இருந்தது. இருக்கத்தான் செய்யும். சக்கரம் பேலன்ஸ் தப்பினால் பிரேக் பிடிக்காமலே எண்பது, நூறில் ஆடும். பிரேக்கை மிதித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் அது பிரேக்கின் புகார். இந்த வித்தியாசத்தை அங்கே என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த 670-ஐ வீண் என்று எழுத மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலைதான்.

இரண்டாவது பில், ஜூலைக் கடைசியில்: ரூ.2,650. டிஸ்க் இரண்டையும் கழற்றி லேத்தில் கொடுத்துச் சீவினது 700, கழற்றி மாட்டினதற்குக் கூலி 500, புது பேடு 1,450. வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. மெக்கானிக்குக் கைகொடுத்துவிட்டு வந்தேன். 2,800 கிலோமீட்டர் ஓடியது. செப்டம்பர் கடைசியில் மறுபடியும் லேசாக, தயங்கித் தயங்கி, உதறல் வந்தது.

மூன்றாவது பில், அக்டோபர்: ரூ.5,450. "சீவுன டிஸ்க் தாங்காது, மாத்திருங்க" என்றார்கள். புது டிஸ்க் ஜோடி 3,400, புது டிஸ்க்குக்குப் பழைய பேடு கூடாது என்று இன்னொரு செட் பேடு 1,450, கூலி 600. ஒரு சின்ன ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. 3,400 ரூபாயில் பொருளின் விலை 2,881, வரி 519. ஒரு மாதம் முன்னால் வாங்கியிருந்தால் 3,688 ஆகியிருக்கும். இரண்டு டிஸ்க்கில் 288 ரூபாய் மிச்சம். தேவையே இல்லாத பொருளை 288 ரூபாய் குறைவாக வாங்கினேன்.

தேவையில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? கழற்றின டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்தேன். பழைய இரும்புக்காரர் கிலோ 30 ரூபாய்க்குக் கேட்டார், ஏழரை கிலோவுக்கு 225 ரூபாய். கொடுக்க மனம் வராமல் மச்சில் போட்டு வைத்தேன். பிறகு ஒருநாள் மைக்ரோமீட்டர் கிடைத்தபோது அளந்தால் 15.8 மில்லிமீட்டர். புதிதில் அது 17. இதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும் என்று டிஸ்க்கின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும் எண் 15. இன்னும் 0.8 மில்லிமீட்டர் உயிர் பாக்கி. ஏழு வருஷத்திலும் ஒரு சீவலிலும் சேர்த்துத் தேய்ந்தது 1.2 மில்லிமீட்டர் என்றால், மிச்சம் எத்தனை வருஷம் என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். வெர்னியரில் அளந்தால் இந்த எண் தப்பாக வரும், விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பு இடித்துக்கொள்ளும். மைக்ரோமீட்டர் முனையை அந்த வரப்புக்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

டிசம்பர் கடைசி வாரம். புது டிஸ்க் போட்டு 3,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. பாவூர்சத்திரம் அருகே ஸ்டியரிங் மறுபடியும் கையைக் கூசச் செய்தது. இம்முறை போனது ஒரு வயதானவரின் பட்டறை. அவர் பேரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்னால் மாலை போட்ட வேன் இரண்டு நின்றதால் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

"அண்ணாச்சி, டிஸ்க்க மாத்துனாங்கல்லா, அது உக்காருத எடத்த யாராச்சும் தொடச்சாங்களா?"

தெரியாது என்றேன்.

"தரையக் கூட்டாம பாய விரிச்சா கல்லு குத்தத்தான செய்யும்."

ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கர நட்டு நான்கையும் வாஷர் போட்டுத் திரும்ப முடுக்கினார், இல்லையென்றால் டிஸ்க், அது உட்காரும் ஹப்போடு ஒட்டி நிற்காது, அளவு பொய் சொல்லும் என்றார். துணியில் சுற்றி வைத்திருந்த டயல் கேஜை எடுத்து, காந்த ஸ்டாண்டை சஸ்பென்ஷனில் ஒட்ட வைத்தார். கேஜின் முனை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தொட்டது. முகப்பைத் திருகி முள்ளைச் சுழியில் நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர். முள் மூன்று, ஐந்து, எட்டு என்று நகர்ந்து பதினொன்றில் நின்று திரும்பியது. நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். 0.11. இந்த மாதிரி வண்டிகளுக்கு 0.05-க்குள் இருந்தால் நல்லது, 0.1-ஐத் தாண்டவே கூடாது. வலது பக்கம் 0.04 காட்டியது.

அடுத்து மைக்ரோமீட்டர். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன். 16.97, 16.97, 16.96, 16.95, 16.95, 16.96, 16.97, 16.97. வித்தியாசம் 0.02. அதாவது 20 மைக்ரான். என் கையை உதறிய சங்கதி அந்த இரண்டு கோடுதான்.

டிஸ்க்கைக் கழற்றியதும் விஷயம் விளங்கியது. ஹப்பின் முகத்தில், ஒரு போல்ட்டின் அடியில், கருப்பட்டிப் பொருக்கு மாதிரி துரு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் மெல்லிய செந்தூள், அந்த இடத்தில் மட்டும் பொருக்கு. நகத்தால் கீறினால் உதிரவில்லை. டிஸ்க் அதன்மேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். ஹப்பின் முகம் 140 மில்லிமீட்டர் அகலம், கேஜ் தொட்ட வட்டம் 230. ஆகவே ஹப்பில் 0.06 இருந்தால் அங்கே 0.10 ஆகப் பெருகும். ஹப்புக்கே உள்ள 0.01-ஐச் சேர்த்தால் முள் காட்டிய பதினொன்று சரியாக வருகிறது.

சாய்ந்து மாட்டிய டிஸ்க் உடனே உதறாது. டிஸ்க்கில் கைவைத்த இரண்டு பட்டறையையும் என்னையும் ஏமாற்றியது இந்த இடம்தான். மாட்டின அன்றைக்கு டிஸ்க்கின் தடிமன் எங்கும் ஒன்றே, பிரேக் அருமையாகப் பிடிக்கும். ஆனால் பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதும், சாய்ந்த பக்கம் சுற்றுக்கு ஒரு தடவை பேடை உரசிவிட்டுப் போகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 513 சுற்று. லேத்தில் சீவின பிறகு ஓடிய 2,800 கிலோமீட்டரில் 14 லட்சத்து 36 ஆயிரம் உரசல். புது டிஸ்க் போட்டு ஓடிய 3,000-இல் 15 லட்சத்து 39 ஆயிரம். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது, வார்ப்பிரும்பில் 20 மைக்ரான் தேய்வதற்கு என்ன? டிஸ்க்கைச் சீவினாலும் மாற்றினாலும் துரு ஹப்பில்தானே இருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் உதறல் திரும்பி வந்ததை டிஸ்க்கின் தரக்குறைவு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உப்புத்தாளும் கம்பி பிரஷும் வைத்து இருபது நிமிடம் தேய்த்தார். திரும்ப மாட்டினால் முள் நாலைக் காட்டியது. கழற்றி, டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளி, அதாவது கால் சுற்று திருப்பி மாட்டினார். ஹப்பின் சிறு கோணலும் டிஸ்க்கின் சிறு கோணலும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு முள் இரண்டில் நின்றது. இந்தத் திருப்பலுக்குச் செலவு சுழியம். கேலிப்பரைத் தொட்டுப் பார்த்தபோது இடது பக்கம் வழுக்கும் பின் ஒன்று கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. பேடு பின்வாங்காமல் உரசிக்கொண்டே இருக்க அதுவும் ஒரு காரணம். புளியரை இறக்கத்தில் இடது டிஸ்க் கூடுதலாகக் காய்ந்திருக்கவும் அதுவே காரணமாக இருக்கலாம். துரு முதலா, சூடு முதலா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. துரு ஏழு வருஷமாக வளர்ந்தது, இறக்கம் அதை வெளியே கொண்டுவந்தது என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கும் அதுவே படுகிறது.

நான்காவது பில்: ரூ.1,100. அளந்து, துடைத்து, மாட்டிய கூலி 300. உப்புத்தாள் 20. பின்னுக்குப் போடும் சூடு தாங்கும் கிரீஸ் 80. தேய்ந்த 20 மைக்ரானை எடுக்க டிஸ்க் இரண்டையும் லேத்தில் லேசாகச் சீவினது 700. வலதுக்குத் தேவையா என்று கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கணும் என்றார். லேத்தில் சீவின பிறகும் அவர் கேஜ் வைத்துப் பார்த்தார். லேத் தன் மையத்தில் டிஸ்க்கைப் பிடித்துத் தன்னளவில் நேராகச் சீவும். வண்டியின் ஹப் நேராக இருக்கிறதா என்பது லேத்துக்குத் தெரியாது. ஆகவே மாட்டின பிறகு அளக்காத சீவலுக்குப் பாதிக் காசுதான் பெறும் என்பேன்.

இப்போது பேரேட்டை மூடிப் பார்ப்போம்.

பேலன்சிங், அலைன்மென்ட் (எப்படியும் செய்திருக்க வேண்டியது): 670
பேடு ஒரு செட் (பழையது தேயும் தறுவாயில் இருந்தது): 1,450
அளவு, துடைப்பு, கிரீஸ், சீவல்: 1,100
நியாயமான செலவு: 3,220
முதல் சீவல் 700, அதற்கான கூலி 500, மூன்றாவது பில் முழுதும் 5,450
வீண்: 6,650
ஆகமொத்தம்: 9,870

இந்த விலைகள் எனக்குக் கிடைத்தவை. வண்டிக்கு வண்டி மாறும். விகிதம் அவ்வளவாக மாறாது என்று நினைக்கிறேன். அந்த மூன்று பட்டறைக்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். பொதுவாக டிஸ்க்கை மாற்றினால் ஆறு மாதமாவது ஓடும், வாடிக்கையாளர் வேறு காரணம் சொல்லிக்கொள்வார், வியாபாரம் நடக்கும்.

பட்டறைக்குப் போகும் முன் வண்டிக்காரரே செய்துகொள்ளக்கூடிய சோதனைகள் சில உண்டு, காசு வேண்டாம். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன்பக்கம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் இடுப்பும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். அதை உறுதி செய்ய, பின்னால் யாரும் வராத நேரான காய்ந்த சாலையில் நாற்பதில் போய், ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். அதிர்ந்தால் டிரம். மழையிலோ மணலிலோ அழுத்தி மிதித்தபோது மிதி படபடவென்று காலைத் திருப்பி அடித்தால் அது நோயில்லை, ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் அது கட்டாயம். குழியில் விழுந்தால் கடகட, பிரேக்கில் ஒரு பக்கம் இழுப்பு என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு பயம் இங்கே பரவலாக இருக்கிறது. சூடான டிஸ்க்கில் சாரல் பட்டால் கோணிவிடும் என்பார்கள். 250 மில்லிமீட்டர் டிஸ்க் 200 டிகிரி ஏறினால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் விரியும். அதில் ஒரு பக்கம் மட்டும் பட்டென்று குளிர்ந்தால் வம்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடும் சக்கரத்தில் தெறிக்கும் மழை எல்லாப் பக்கமும் சமமாகப் படும். புளியரை இறங்கி, செங்கோட்டை சுற்றி, குற்றாலம் வந்து சேர்வதற்குள் சமதரையில் டிஸ்க் ஆறிவிடும். அருவிக்கரையில் வண்டி நனைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இறக்கத்தின் அடியிலேயே நிறுத்தி சக்கரத்தில் வாளித் தண்ணீரை வீசுவதுதான் கூடாது. சாரலில் நாலு நாள் நின்ற வண்டியில் டிஸ்க் மஞ்சள் பூத்து, முதல் சில பிரேக்கில் கரகரக்கும். அது பத்து இருபது கிலோமீட்டரில் போய்விடும். போகாவிட்டால் அளக்கச் சொல்லுங்கள்.

இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இன்றைக்கும் செல்லும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்களுக்குக் கணக்கு இதோ. நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓட மணிக்கு 0.7 லிட்டர் வைத்துக்கொண்டால் பத்து நிமிட இறக்கத்துக்கு 0.12 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 12 ரூபாய். இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் படாமல் இறங்கினால் இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. செலவு சுழியம், பிரேக்கும் ஆறுதலாக இருக்கும். செக்போஸ்ட் வரிசையில் முன்வண்டிக்கு இடம் விட்டு நின்று, மிதியிலிருந்து காலை எடுத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். அது பின் டிரம்மைப் பிடிக்கும், முன் டிஸ்க்கை விட்டுவிடும்.

பிரேக் ஆயிலையும் மறந்துவிடுகிறோம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155-க்கு இறங்கும். டாட் 3-க்கு இது 205-இலிருந்து 140. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது மலையடிவார ஈரத்தில் இருக்கும் நமக்குப் பொருந்தும். ஆயில் கொதித்தால் உதறாது, மிதி தரையைத் தொடும்.

சக்கர நட்டைப் பற்றி ஒன்று. சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், சரியான எண் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பஞ்சர் கடைக் காற்றுத் துப்பாக்கி டர்ரென்று அடித்து விடும்போது ஒரு நட்டு அதிகம், ஒரு நட்டு குறைவு. அந்த ஏற்றத்தாழ்வும் டிஸ்க்கைச் சாய்க்கும். எதிரெதிர் நட்டாக, கையால் முடுக்கச் சொல்ல வேண்டும். கடைப் பையன் முறைத்தாலும் பரவாயில்லை.

டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பொங்கலுக்கு முன்னால் ஒன்று வாங்கிவிட்டேன். நோட்டில் ஐந்தாவது வரி 1,780. தென்காசிப் பக்கம் யார் வண்டி உதறினாலும் இரவல் தருகிறேன். காந்தத்தில் ஒட்டின இரும்புத்தூளைத் துடைத்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.